நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

பின் குத்திய மூன்று ஓட்டையைப் பார்த்து ஆய்த எழுத்து என்று படிக்கிற மென்பொருளோடு காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். எல்லாம் ஸ்கேன் எடுத்த படம். படமாக வேண்டாம், வெட்டி ஒட்டுகிற மாதிரி எழுத்தாக வேண்டும் என்று வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா சொல்லிவிட்டார். இரண்டு மணிக்குள் அவர் கைக்குப் போனால்தான் இன்றைக்கு மனு ஏறும். இன்றுதான் கடைசி நாள்.

மனு அக்காவுடையது. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு நர்சிங் ஹோமில் நர்சாக இருந்தாள். ஊசியில் மருந்தை மாற்றி ஏற்றிப் போட்டுவிட்டாள் என்று விசாரணை வைத்தார்கள். நோயாளி பத்தே நாளில் எழுந்து நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். அக்காவுக்குத்தான் நர்ஸ் பதிவே ரத்தாகிவிட்டது. அந்த விசாரணைக் காகிதங்கள்தான் இந்த இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும்.

இப்போது வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி விடுகிறாள். மறுபடி வெள்ளைச் சட்டை போட அவளுக்கு இந்த மனுவை விட்டால் வேறு வழி கிடையாது.

அப்போது நானும் அங்கேதான் இருந்தேன், அக்கா சிபாரிசில், மருந்து அறையில் எடுபிடியாக. அவளை அனுப்பியதும் எனக்கு அந்த இடமே கசந்துபோய், வெளியே வந்து கம்ப்யூட்டர் படித்தேன். படித்த லட்சணம்தான் இது. ஒரு ரப்பர் முத்திரைக்கு இந்தப் பாழாய்ப்போன மென்பொருள் பதினேழு அடைப்புக்குறி போட்டிருக்கிறது.

முத்திரையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடித்த வரிகள்தான் மண்டையைக் காய வைக்கின்றன.

வாக்குமூலத்தை டைப் செய்து முடித்த பிறகு, சொன்னவர் எதையாவது மாற்ற நினைத்தால் அந்த வரியைப் பேனாவால் அடித்து, மேலே கையால் திருத்தி எழுதி, ஓரத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அடித்த வரி சொல்லாத வரிக்குச் சமம், அதை எடுத்துவிட்டுத் திருத்தியதைச் சேருங்கள் என்று குமாஸ்தா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியுமா என்ன? மஞ்சளடித்த தாளை வெளுப்பாக்க வெளிச்சத்தைக் கூட்டினால், வெளிறிய நீல மையும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. கோடும் போச்சு, மேலே எழுதியதும் போச்சு. அடியில் டைப் செய்த கறுப்பு எழுத்து மட்டும் பளிச்சென்று வந்து உட்கார்ந்துகொள்கிறது.

படத்தில் கோடு விழுந்த இடமாகப் பார்த்து, அப்படி வந்ததில் நாற்பது வரியாவது அழித்துவிட்டு, மேலே எழுதியதை டைப் செய்திருப்பேன். அழித்ததில் ஒன்றையும் படிக்கவில்லை. படிக்க எங்கே நேரம்.

இதில் அக்கா வேறு, பத்து நிமிடத்துக்கு ஒரு போன்.

"அந்த நூத்தி நாப்பத்தி மூணை மட்டும் விட்டுடுடி. நானே டைப் பண்ணித் தரேன்."

ஒற்றை விரலால் ககரத்தைத் தேடிப் பிடிக்கவே அவளுக்குக் கால் மணி நேரம் ஆகும். ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். கடையில் கொடுத்துவிடலாம், உனக்கு எதுக்குச் சிரமம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வீட்டில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது கடைக்கு எதற்குப் போவது? யாருக்காக இந்தப் பாடு படுகிறேன் என்ற நினைப்பாவது வேண்டாமா?

உயிரை வாங்காதே என்று போனை வைத்தேன்.

சொல்லிவைத்த மாதிரி அந்தப் பக்கத்தில்தான் மென்பொருள் மக்கர் பண்ணியது. அடித்த வரி ஒன்றை அழித்தேன். திருத்தியதைப் பார்த்து டைப் செய்வதற்குள்ளேயே மூடிக்கொண்டது. திறந்து மறுபடி படிக்க வைத்தேன். அதே வரி வந்தது. அழித்தேன். மறுபடி மூடிக்கொண்டது. மணி ஒன்றரை. அழுகை வந்துவிடும் போலிருந்தது.

மூன்றாவது தடவையும் அந்த வரி வந்து நின்றது. அப்படி என்னதான் எழவு எழுதியிருக்கிறது என்று படித்தேன்.

'ஊசியில் மருந்தை ஏற்றிக் கொடுத்தது மருந்து அறையில் இருந்த என் தங்கை.'

மறுபடி படித்தேன். பிறகு ஸ்கேன் எடுத்த படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். வரியின் மேல் நீல மையில் இரட்டைக் கோடு. அதற்கு மேலே, மளிகைச் சீட்டிலும் பிறந்தநாள் வாழ்த்திலும் நான் பார்த்து வளர்ந்த அதே கையெழுத்தில், 'ஊசியை நானே ஏற்றினேன்.' ஓரத்தில் அக்காவின் இரண்டு எழுத்து.

எங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். அவசரத்தில் நானே ஏற்றிக்கொண்டேன், தப்பு என்னுடையதுதான் என்று. நான் மருந்து ஏற்றித் தட்டில் வைத்த ஊசியை அன்றைக்கு யாருமே தொடவில்லை என்றுதான் ஏழு வருடமாக நினைத்திருந்தேன். போன வாரம்கூட, கொஞ்சம் கவனமாக இருந்திருக்கக் கூடாதா என்று அவளைக் கேட்டேன். அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

குமாஸ்தா சொன்னபடி பார்த்தால், மென்பொருள் கொடுத்த வரியை அழித்துவிட்டு, அக்கா எழுதியதை நான் என் கையால் டைப் செய்ய வேண்டும்.

அழிக்கவில்லை. அந்த வரிக்கு மஞ்சள் நிறம் கொடுத்தேன். கீழே, இதில் சொல்லியிருக்கும் தங்கை நான்தான், எங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டுமோ வருகிறேன் என்று எழுதி, என் பெயரையும் போன் நம்பரையும் சேர்த்தேன். நம்பரையே இரண்டு தரம் தப்பாக டைப் செய்து திருத்தினேன்.

ஒன்று ஐம்பத்தைந்துக்கு அனுப்பினேன்.

உடனே போன் அடித்தது. அந்தப் பக்கத்தை என்ன செய்தாய் என்று அக்கா கேட்டாள்.

"மெஷின் சரியாத்தான் படிச்சிருக்குக்கா. அப்படியே அனுப்பிட்டேன்."