பின்சீட்டுக் கனம்

"வேகத்தடை வந்தாலே வண்டியோட பின்பக்கம் தரையில உரசுதுப்பா. இன்னும் கொஞ்சம் தூக்கிக் குடு. இல்லேன்னா வித்துடச் சொல்லி வீட்டுல உத்தரவு," என்றார் அந்தப் பழைய காரின் சொந்தக்காரர்.

மெக்கானிக் அடியில் புகுந்து பார்த்தார்.

"போன மாசம்தானே சார் ஸ்பிரிங் பட்டை சேர்த்து உயர்த்தினேன்? பின்னாடி யாரு உட்கார்றது?"

"கொஞ்சம் கனமான உடம்பு."

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சண்டை வராம, பக்குவமா எடையைக் குறைக்கச் சொல்லுங்க சார்."

"சொல்லாத நாளில்லை. ஃபிரிட்ஜைத் திறக்கிற கையை யாரு பிடிக்கிறது?"

மாலையில் வண்டி கம்பீரமாக உயர்ந்து நின்றது. ஒல்லியாக ஓர் அம்மா வந்து சாவியை வாங்கி, ஸ்டியரிங் முன் உட்கார்ந்தார். சொந்தக்காரர் மூச்சு வாங்கப் பின்சீட்டில் ஏற, வண்டி பழையபடி குந்தியது.

குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்த மெக்கானிக்கிடம் அவர் அசடு வழியச் சொன்னார்: "முன்னாடி உட்கார்ந்தா என் பொண்டாட்டிக்குக் கியர் போட இடமில்லப்பா."