கைதட்டலுக்கு முன்

அரங்கை ஒட்டிய கண்ணாடி அறையில் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் காதோடு அழுத்துகிறார். மேடையில் நால்வர் வாசித்த ஒரு ரஷ்ய இசைமேதையின் படைப்பு முடிந்துவிட்டது. முந்நூறு பேரின் கைதட்டல் மட்டும் கேட்கவில்லை. மறுபடி வாசிக்கச் சொல்ல இது ஒத்திகையா என்ன? ஒயரைப் பிடித்து ஆட்டுகிறார். "போச்சு, மைக் செத்துடுச்சு!" பக்கத்தில் குறிப்பெடுக்கும் மனைவி பென்சிலால் ஒலியளவு மீட்டரைத் தொடுகிறாள். "பதறாதீங்க. முள்ளு ஆடுது பாருங்க." ஆடுகிறது, மூச்சுவிடுகிற மாதிரி. கண்ணாடிக்கு அப்பால், ஜன்னல் வழியே விழும் மாலை வெயிலில் நான்கு பேரின் வயலின் வில்லும் அந்தரத்தில் நிற்கிறது. இருக்கைகளில் ஒருவரும் அசையவில்லை. செல்லோ என்ற பெரிய வயலினை வாசித்தவரின் மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி தொங்குகிறது, கனக்கிறது, விழுகிறது. அது செல்லோவின் மரத்தில் பட்ட சத்தம் ஹெட்போனில் கேட்கிறது.