இரவல் அழுகல்

“நல்ல பழம் ஒண்ணுகூடக் கலந்துடக் கூடாது. பாத்துக் கொட்டு,” என்றான் ஒழுங்கு.

மனைவி சாக்கைக் கவிழ்த்தாள். அழுகிய ஆரஞ்சுப் பழங்கள் மரத்தடியில் உருண்டன. புயல் கிழக்கிலிருந்து அடித்தது என்பதால், அவன் மண்டியிட்டு எல்லாவற்றையும் மரத்துக்கு மேற்கே நகர்த்தி வைத்தான்.

“புயல்கூட இவ்வளவு பொறுப்பா உதிர்த்திருக்காதுங்க.”

ஒழுங்கு என்பது, எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்பதால் வந்த பெயர். ஒழுங்காகச் செய்துதான் இப்போது மாட்டிக்கொண்டிருந்தான். புயல் ஓய்ந்த மறுநாளே, ஈ மொய்க்குமே என்று உதிர்ந்த பழம் அத்தனையையும் பொறுக்கி, குழி வெட்டிப் புதைத்து, மேலே மண்ணையும் மட்டம் தட்டிவிட்டான். தோட்டம் துடைத்துவிட்ட மாதிரி ஆன பிறகுதான் செய்தி வந்தது. உதிர்ந்த பழத்தை அதிகாரி நேரில் வந்து எண்ணினால்தான் நிவாரணமாம்.

அந்தப் பணம் வராவிட்டால் தோட்டம் கடன்காரன் கைக்குப் போய்விடும். அவனுடைய மூளை எப்போதுமே பஸ் போன பிறகு ஸ்டாப்புக்கு வந்து சேருகிற ரகம்.

“பேசாம குழியைத் தோண்டிக் காட்டிடலாமே?”

“கூழாப் போனதை யாரு எண்ணுவா? அதான் அண்ணன் அள்ளிக் கொடுத்திருக்காரே.”

அண்ணன் என்பது பக்கத்துத் தோட்டக்காரர். வேலி தாண்டி விழுந்த ஒற்றைப் பழத்தைக்கூடத் திருப்பிக் கேட்கிற மனிதர். இன்று காலையில் அவரே, “எனக்கு நேத்தே வந்து எண்ணிட்டாங்க. இனிமே எதுக்குப்பா? அள்ளிட்டுப் போ,” என்று சாக்கோடு கொடுத்தார். கஷ்டம் மனிதர்களைத் திருத்திவிடுகிறது என்று இவன் நெகிழ்ந்தே போனான்.

“ஏங்க, எல்லாத்து மேலயும் நீலமா என்னமோ இருக்கே?”

“பூஞ்சணம். ஆரஞ்சு அழுகினா நீலம் பூக்கும். இதுகூடத் தெரியாம எனக்கு வாக்கப்பட்டிருக்கே.”

“எல்லாந் தெரிஞ்சிருந்தா வாக்கப்பட்டிருப்பேனா?”

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ரப்பர் பூட்ஸும் தோள்பையுமாக அதிகாரி அம்மா வந்து, மரத்தடியில் நின்று பார்த்தார்.

“பழமெல்லாம் ரொம்ப வரிசையா விழுந்திருக்கே?”

“காத்து ஒரே சீரா அடிச்சுதுங்க மேடம்.”

மனைவிக்கு இருமல் வந்தது.

ஒத்திகை பார்த்து வைத்திருந்த சோக முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டான். “இந்த வருஷக் காய்ப்பு மொத்தமும் போச்சுங்க. இதை விட்டா எங்களுக்கு வேற...” குரல் உடைந்தது. அந்த இடம் மட்டும் ஒத்திகையில் இல்லை. அது உண்மை.

அதிகாரியின் முகம் இளகியது. “கவலைப்படாதீங்க சார். கிடைக்க வேண்டியது கிடைச்சுடும்,” என்றபடி குனிந்து ஒரு பழத்தை எடுத்தார். திருப்பினார். கட்டைவிரலால் தேய்த்தார். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஒழுங்குக்கு அது வராது.

“பூஞ்சணம் மேடம். பாருங்க, ஒரு பழம் பாக்கியில்லாம பரவிடுச்சு.”

அவர் பழத்தைக் கீழே வைத்தார். தோள்பையைத் திறந்து, நீல மூடி போட்ட ஒரு ஸ்பிரே டப்பாவை எடுத்து அவன் முன்னால் நீட்டினார்.

“எண்ணி முடிச்ச பழத்து மேல நான் அடிக்கிற பெயிண்ட் சார் இது.”