கீழ்வீட்டுச் சாட்சி

"மாடி வீட்டு ஹென்றி எப்படிப்பட்ட ஆளுங்க?"

கேட்டவர் யாரென்று மாடிப்படியில் நின்ற ஆன்சிக்குப் புரிந்துவிட்டது. துறைமுகத்துச் சரக்குக் கிடங்கில் அவள் புருஷன் ஹென்றிக்குக் காவல் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்துத் திருப்தியானால்தான் உள்ளே போக பாஸ் கொடுப்பார்கள்.

விசாரிக்கிறதுதான் விசாரிக்கிறார், இந்தக் கல்மண்டபம் ஏரியாவில் வேறு ஆளே கிடைக்கவில்லையா? கீழ்வீட்டு குணசேகரனிடமா போய் நிற்க வேண்டும்! அவனுக்கும் ஹென்றிக்கும் ரெண்டு வருஷமாகப் பேச்சே கிடையாது.

"அத்த ஏன் சார் கேக்குற, பேஜாரு!" குணசேகரன் சேரை இழுத்துப் போட்டான். "கொரோனா டைம்ல டெம்போ லோன் கட்டாம மாட்டிக்கினான். வசூலுக்கு வந்தவனுங்க தெருவுல நின்னு கத்துனானுங்கோ. மானமே போச்சு."

பாவி! ஆன்சி ரெண்டு படி கீழே இறங்கினாள்.

"சிபில் கடன் ரெக்கார்டுலயும் பார்த்தோம்," என்றார் வந்தவர். "மாசக்கணக்கா கட்டாதவர் திடீர்னு மொத்தமா அடைச்சிருக்கார். அவ்வளவு காசு ஏது? கோடிக்கணக்கான சரக்குக்குக் காவல் நிக்கப்போற ஆளு. கேக்கணுமில்ல?"

போச்சு, இந்த குணசேகரன் திருட்டுப் பட்டமும் கட்டிவிடுவான். ஆன்சி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். இந்த வேலையை நம்பித்தானே அந்த மனுஷன் இருந்த வேலையையும் விட்டான்!

"ஏதா?" குணசேகரன் சிரித்தான். "டெம்போவ வித்தான். பொண்டாட்டி கழுத்துல கெடந்தத வித்தான். பத்தாததுக்கு மார்க்கெட்டுல மீன் பொட்டி தூக்குனான். நானும் அதே லோன் வாங்குனவன்தான் சார். போன் நம்பர மாத்தினு கம்முனு கீறேன், இன்னா பண்ணிட்டானுங்கோ? அவனாண்டயும் சொன்னேன். கேக்கலயே! திருப்பி, 'நீயும் கட்டிடு குணா'ன்னு எனக்கே புத்தி சொல்றான். அன்னிக்கி வுட்டேன் அவன் பேச்ச. சுத்தமா பொழைக்கத் தெரியாத ஆளு சார்!"

வந்தவர் எழுந்தார். படியில் இருந்தவளை அப்போதுதான் பார்த்தார்.

"ஹென்றி வீட்டம்மாவா நீங்க?"

ஆன்சி தலையாட்டினாள்.

"நாளைக்கே வந்து பாஸ் வாங்கிக்கச் சொல்லுங்கம்மா. பொழைக்கத் தெரிஞ்சவங்களை உள்ளே விடத்தான் எங்களுக்குப் பயம்."