நாலாவது துண்டு

ஹாலிஎல பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே உள்ள கம்ப்யூட்டர் கடையில் யசோதினி வேலை செய்கிறாள். ஒரு சனிக்கிழமை காலை, தெமோதரைத் தோட்டத்து ராசம்மா பென் டிரைவோடு வந்தாள். மகள் பெரியவளானபோது எடுத்த சடங்கு வீடியோ அதில் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் மண்சரிவில் இறந்துபோன புருஷன் வீரய்யா நடமாடுவது அந்த ஒரு வீடியோவில்தான்.

"அடுத்த மாசம் மகளுக்குக் கல்யாணம். அப்பாவப் பார்க்கணும்னு அழுவுதும்மா."

வீடியோவை யாரோ ஐந்து ஃபைல்களாகத் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். அதில் நாலாவது துண்டைக் காணோம்.

"ஒன்னு குறைஞ்சாலும் சேராதுக்கா" என்றாள் யசோதினி. இருந்தாலும் ராசம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, முதல் துண்டைத் தேர்ந்து, ஃபைல்களை ஒன்றுசேர்க்கும் கட்டளையைக் கொடுத்தாள். சேர்ந்துவிட்டது. அளவு சரியாக ஐந்து துண்டுக்கு உரியதாக இருந்தது.

இருவரும் பார்த்தார்கள். பந்தல் வந்தது, தாய்மாமன் சீர் வந்தது. நாற்பதாவது நிமிஷத்தில், காணாமல் போன நாலாவது துண்டு வரவேண்டிய இடத்தில், வீரய்யா பந்தியில் வந்து உட்கார்ந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அப்பவே இவ்வளவு நரையாக்கா?"

"இல்லம்மா. சாகுறப்பகூட ஒரு முடி நரைக்கல."

யசோதினியின் கை மவுஸிலேயே நின்றது. வீடியோவை நிறுத்த மனம் வரவில்லை. வீரய்யா சோற்றைப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டார். ராசம்மா நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உடம்பு கொஞ்சம் தேறியிருக்கு" என்றாள்.