ஆண்களுக்கான மாத்திரை

ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுக்கு நியாயவிலைக் கடையில் சோதனைக்காக நூல் கட்டிய மாத்திரை கொடுத்தார்கள். அதை விழுங்கி, வயிற்றுக்குள் பஞ்சாக விரிந்ததும் நூலைப் பிடித்து வெளியே இழுத்து, உறையிலிட்டுத் திருப்பித் தந்தால்தான் அடுத்த மாத அரிசி. நூல் தொண்டையில் பட்டதுமே சுயம்புலிங்கம் குமட்டினார். இன்னொரு மாத்திரை வாங்கி, மனைவி பிரமிளாவே விழுங்கி அவர் பேரில் அனுப்பிவிட்டாள்.

இன்று முடிவு வந்தது: உணவுக்குழாயில் புற்றுக்கு முந்தைய மாற்றம்.

சுயம்புலிங்கம் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். “நேத்துகூட நாலு பரோட்டா தின்னேனே, ஏட்டி!”

“உங்களுக்கு இல்லைங்க. விழுங்குனது நான்லா?”

நடை நின்றது. அதற்குள் செல்பேசி ஒலித்தது.

“சுயம்புலிங்கம் சாரா? மருத்துவமனையிலேர்ந்து பேசுறோம். பயப்படாதீங்க, இப்பவே பார்த்தா சரியாயிரும். நெஞ்செரிச்சல் எத்தனை வருஷமா இருக்கு?”

அவர் பிரமிளாவைப் பார்த்தார்.

“பதினோரு வருஷம்” என்றாள் மெதுவாக. “உங்க பேர்லயே இருக்கட்டும். உண்மையைச் சொன்னா அரிசியை நிறுத்திருவாங்க.”

“மேடம், பேரை மாத்தி எழுதுங்க” என்றார் அவர். “பஞ்சை விழுங்குனது என் வீட்டுக்காரி, பிரமிளா. நெஞ்செரிச்சல்...” குரல் இறங்கியது. “பதினோரு வருஷமாம்.”