வக்கீல், விடுதி, விசா

கம்ப்யூட்டர் திடீரென்று ஒரு சோப்பு விளம்பரத்தை அலறியது. சர்வீசுக்கு வந்திருந்த ரியாஸ் ஏதோ தட்டினான், சத்தம் நின்றது.

"இனிமே இதுல எங்கயும் விளம்பரம் வராதும்மா. யாரும் வேவு பாக்கவும் முடியாது. உங்க பொண்ணுதான் இந்தத் தடுக்கற சாஃப்ட்வேரப் போடச் சொன்னாங்க."

கோமதி நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். புகுந்த வீட்டிலிருந்து திரும்பிவந்த மகள் பூங்கோதை, பெற்றவளிடம் வாயே திறப்பதில்லை. அவள் இதில் தேடுவதையெல்லாம் விளம்பரங்கள்தான் பின்னாலேயே வந்து கோமதிக்குக் காட்டிக்கொடுத்தன. முதலில் விவாகரத்து வக்கீல்கள், அப்புறம் பெண்கள் விடுதிகள், நேற்று முழுக்கக் கனடா விசா.

"அதையெல்லாம் பழையபடி வர வச்சிட்டுப் போயேம்பா" என்றாள்.

ரியாஸ் பையைத் தோளில் மாட்டினான். "பாஸ்வேர்டு அவங்ககிட்டதாம்மா இருக்கு. நீங்களே கேட்டுப் பாருங்க."